வேல்ஸ் அருவியில் ஒரு சனி முழுக்கு

மேலகரம் குத்தாலிங்கம் 1958 செப்டம்பரில் காட்டியல் படிப்பதற்காக வேல்ஸ் நாட்டுக்குப் போனான். மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அருவியில் தண்ணீர் விழத் தொடங்கினால் அந்த ஊர்க்காரர்களுக்குக் காற்றிலேயே தெரிந்துவிடும். அப்பா பலவேசத்துக்கு வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் குத்தாலிங்கம். கப்பல் ஏறிய முதல் ஆளும் அவனே. வேல்ஸில் அவன் சேர்ந்த கல்லூரியிலேயே இரண்டு வகுப்பு மேலே படித்துக்கொண்டிருந்த பாவூர்சத்திரம் ஏசுதாசன்தான் அவனுக்கு வழி சொல்லி வரவழைத்தவர்.

போன புதிதில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெயில் அடித்தது, ஆனால் சுடவில்லை. வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். இரண்டையும் விளாவ ஒரு வாளி இல்லை. வாரத்தில் ஒரு நாள் தொட்டியில் படுத்துக் குளிக்க வேண்டும். தன் அழுக்கிலேயே தான் கிடப்பது எப்படிக் குளியலாகும் என்று ஏசுதாசனிடம் கேட்டான்.

“குளியல்னு நினைச்சாத்தாம்லே சங்கடம். ஊறப் போட்டிருக்காவன்னு நினைச்சுக்கிடு” என்றார் அவர்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, முதலாண்டு மாணவர்களை மலையில் ஒரு தோப்பைக் காட்ட அழைத்துப் போனார்கள். மதியச் சாப்பாடு அருவிக்கரையில் என்று முன்னதாகவே சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை, அதிலும் அருவி. அம்மா ஆவுடையம்மாள் கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய்ப் புட்டியையும் ஒரு துண்டையும் மாற்று வேட்டியையும் பையில் வைத்துக்கொண்டான்.

அருவி நன்றாகவே இருந்தது. பழைய குற்றாலத்து அருவியில் பாதி உயரம் தேறும். எல்லாரும் அதைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ரொட்டியைத் தின்றார்கள். ஒருவரும் சட்டையைக் கழற்றவில்லை. அருவிக்கு வந்து தலையை நனைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை அவன் அதுவரை கண்டதில்லை. கூட வந்த பெண்கள் மூன்று பேர் கரையிலேயே இருந்ததால் ஆண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள் போலும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்தான். அவனும் மரியாதையாகக் காத்திருந்தான். பெண்கள் எழுந்து போனார்கள். ஆனால் ஆண்களும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

குழம்பிப்போய்ச் சிறிது நேரம் நின்றான். பிறகு சட்டை, கால்சட்டை, கைக்கடிகாரம், காலணி எல்லாவற்றையும் ஒரு பாறைமேல் ஒழுங்காக மடித்து வைத்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி அருவிக்குள் தலையைக் கொடுத்தான்.

பல் கிட்டும் குளிர். ஆனாலும் ஊரைவிட்டு வந்த பிறகு அப்போதுதான் அவன் முதல்முறையாகக் குளித்தான். அந்தச் சுகம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ஆடு மேய்க்கும் ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். எண்ணெயில் அவர் கை வழுக்கியது. வழுக்க வழுக்க அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். தன் முறை முடிந்துவிட்டது, இவர் இடம் கேட்கிறார் என்று நினைத்து குத்தாலிங்கம் நகர்ந்து வழிவிட்டான். நகர்ந்தது கீழே தண்ணீர் பாயும் பள்ளத்தின் பக்கம். அந்த மனிதர் அலறியே விட்டார்.

குத்தாலிங்கத்தைக் கம்பளியில் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் கட்டிலருகே அமர்ந்து மிக மெதுவாகக் கேட்டார்.

“இதற்கு முன்னால் இப்படிச் செய்திருக்கிறாயா?”

“சின்ன வயதிலிருந்தே.”

“வீட்டில் யாருக்காவது தெரியுமா?”

“அம்மாதான் எண்ணெய் தேய்த்து அனுப்புவாள்.”

மருத்துவரின் பேனா நின்றது. “குடும்பத்தில் வேறு யாராவது?”

“எல்லாரும்தான். பிள்ளைகுட்டிகளோடு வெளியூர்களிலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். புத்தி சரியில்லாதவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. தலையில் இருக்கிற பாரமெல்லாம் இறங்கிவிடும்.”

“உனக்கும் அப்படிப் பாரம் இருந்ததா?”

ஊர் நினைப்பைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, “நிறைய இருந்தது” என்றான்.

சாயங்காலம் ஏசுதாசன் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“ஏலே, நீ சாகப் போனேன்னு சொல்லுதாவ.”

“நானா? என்னத்துக்கு அண்ணாச்சி?”

“எங்கிட்ட கேட்டா? துணியை மடிச்சு, வாட்சைக் கழத்தி வச்சிட்டுல்லா போயிருக்கே. இங்கன சாகப் போறவன் அப்படித்தான் வச்சிட்டுப் போவானாம்.”

“நனையாம இருக்கணும்னு வச்சேன். சாகப் போறவனுக்கு வாட்சு நனைஞ்சா என்ன, நனையாட்டா என்ன?”

“அந்த ஞாயத்தை எங்கிட்ட பேசி என்ன செய்ய? வெள்ளிக்கிழமை கல்லூரியில கூடிப் பேசுதாவ. மனசு சரியில்லன்னு முடிவானா அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிருவாவ.”

அப்போதுதான் குத்தாலிங்கம் வீட்டை நினைத்துப் பார்த்தான். தங்கை கோமதிக்குத் தையில் கல்யாணம், கடையநல்லூரில் மாப்பிள்ளை. போன பிள்ளை பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தான் என்ற பேச்சு கிளம்பினால் அது மேலகரத்தோடு நிற்காது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேரும். அருவியில் குளித்தான் என்று அப்பா எடுத்துச் சொன்னால், குளித்ததற்கா திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். அவனுக்கே அது விளங்கவில்லையே.

வெள்ளிக்கிழமை கல்லூரி முதல்வர் அறையில் மருத்துவரும் இருந்தார். ஏசுதாசன் முதலில் போய்க் குற்றாலத்துச் சாரல், கூட்டம், ஆண்களுக்கு ஒரு பக்கம் பெண்களுக்கு ஒரு பக்கம், எல்லாம் சொன்னார். முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நண்பனுக்காக நல்ல மனதோடு சொல்கிறீர்கள் என்றார், நம்பவில்லை. பிறகு குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார்கள்.

“இன்னொரு முறை அருவியைப் பார்த்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டார் முதல்வர்.

பக்கம் போகவே மாட்டேன் என்று சொல் என ஏசுதாசன் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குத்தாலிங்கம் வாயைத் திறந்தான். அந்தப் பொய் வரவில்லை.

“யாரிடமாவது குளிக்கலாமா என்று கேட்பேன். சரி என்றால் குளிப்பேன்.”

“வேண்டாம் என்றால்?”

“பிறகு எப்போது வரலாம் என்று கேட்பேன்.”

முதல்வர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சாக நினைக்கிறவன் எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்கமாட்டான். இவன் நினைத்தது குளியலைத்தான்” என்றார்.

அவன் படிப்பைத் தொடரலாம், வெளியில் போகும்போது யாராவது கூட இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முதல்வர் கைகுலுக்கினார். அறையைவிட்டு வந்த பிறகும் குத்தாலிங்கத்தின் முகம் தெளியவில்லை.

“அண்ணாச்சி, இருக்கச் சொல்லிட்டாவளா?”

“இருக்கச் சொல்லிட்டாவ.”

“குளிக்க?”

“அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“திரும்பப் போய்க் கேட்டுட்டு வந்துரட்டா?”

ஏசுதாசன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விடுதி வாசல் வரும்வரை விடவே இல்லை.