ரசூல் பாயும் டேம்ப் என்ற சொல்லும்

பூந்தமல்லியிலிருந்து வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல், "ரசூல் பாய் பூட்டாரு அண்ணாத்தே, காலையில மௌத்து" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. அந்தக் கிடங்குக் குமாஸ்தா மட்டும் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாரே என்ற ஆத்திரம்தான் வந்தது. பாயோடு பழகியவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

யுத்த காலத்தில் நானும் பாயும் ஆவடியில் ஒரு காண்டிராக்டர் கிடங்குக்கு வைக்கோல் ஏற்றினோம். பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் அது. வாசலில் நிற்கும் குமாஸ்தா, பனி படிந்த மேல் வைக்கோலை இரண்டு விரலால் தொட்டு முகர்ந்து, "டேம்ப்" என்பார். பாரம் தள்ளுபடி. அதை வெளியே புளியமரத்தடியில் அவருடைய மைத்துனர் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வார். மத்தியானம் அதே வைக்கோல் அதே வாசல் வழியாக நல்ல சரக்காக உள்ளே போகும்.

ஒருநாள் பாய் பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி உருவி, குமாஸ்தாவின் கண்ணெதிரில் ஒடித்தார். "பிழிஞ்சா தண்ணி வந்தா ஈரம். செவுத்துல ஏறுனா ஓதம். அப்பளம் தொவண்டா நமுத்துப்போச்சு. இது படக்குனு ஒடியுதே, இதுல இன்னா சார் டேம்ப்பு கீது?"

"ஈரமும் இல்ல, காய்ஞ்சதும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. அதான் டேம்ப். நான் சொன்னா டேம்ப்" என்றார் குமாஸ்தா.

அந்தப் பருவம் முடிவதற்குள் பாய் தம் மயிலைக் காளைகளை விற்றுவிட்டார். விற்ற அன்று அவர் சோறு தொடவில்லை. "அல்லா பொறுப்பான். நான் பொறுக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அம்பத்தூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். குமாஸ்தா அங்கேயே, மழைக்குத் தண்ணீர் நிற்கும் ஏரி உள்வாயில் மலிவாக மனை பிடித்து மச்சுவீடு கட்டினார். வாடகைக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை ஏறியது பாயின் வண்டியில். நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். துரைக்குப் பின்னாலேயே பாயும் கூடத்துக்குள் போனார். புதுச் சுண்ணாம்பு மணக்கும் சுவரில் உள்ளங்கையை நிதானமாக அழுத்தி எடுத்துத் துரையிடம் காட்டினார்.

"டேம்ப், தொரே."

துரை நகத்தால் சுரண்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அவரும் அதே சொல்லைச் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

"பாய், என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!" என்று குமாஸ்தா ஓடிவந்தார்.

"நான் இன்னா சார் பண்ணேன்? உன் செவுரு சொல்லுது."

அந்த வீட்டுக்குக் கடைசிவரை ஆள் வரவில்லை. பாவம் என்றார்கள் சிலர். எனக்கு வெல்லம் தின்றதுபோல் இருந்தது. இப்போதும் இனிக்கிறது.

அடக்கத்துக்குக் குமாஸ்தாவும் வந்திருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, "தங்கமான மனுஷன்" என்று எல்லோரிடமும் சொன்னார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டை நடுவில் வைத்தார். "பழசை மறந்துடலாம்பா" என்றார்.

பாய் எனக்கு விட்டுப்போனது அவருடைய கைப்பழக்கம் ஒன்றுதான். துண்டின் உள்மடிப்பு வரை விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் கிடக்கட்டும், டேம்ப்கூட இல்லை.