கோணல் கழனியின் கணக்கு

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை ஓரமாகவே நடந்தால், நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளி வரும். எண்பதுகளின் தொடக்கம் அது. வாலாஜாபாத்திலிருந்து தினமும் போய்வந்தேன். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புக்கும் கணக்கு நான்தான். எனக்கு முன்கோபம் அதிகம். சேர்ந்த புதிதிலேயே பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் இடி விழப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கை கண்ணாடிக்குப் போகும்போதே வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திவிட்டேன். ஆனால் அந்த ஒரு வருஷத்து எட்டாம் வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கர்வமாக இருக்கிறது. அவர்களுக்கு நான் ஆசிரியையாக இருந்தேன் என்கிற கர்வம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் இயற்கணிதம். கரும்பலகையில் எக்ஸ் என்று எழுதி, "இது தெரியாத எண்" என்றேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "தெரியாததுக்கு எதுக்கு டீச்சர் பேரு?" என்று கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "வூட்டுக்கு யாரோ வந்துகீறாங்கன்னு வெச்சிக்கோ. யாருன்னு தெரியல. அதுக்குன்னு சோறு போடாம அனுப்பிடுவியா? மொதல்ல உள்ள கூப்ட்டு ஒக்கார வெய்யி. யாருன்னு அப்பால தெரியும்." நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் படித்ததை அந்தப் பயல் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எக்ஸைக் கண்டு யாரும் பயப்படவில்லை. காலாண்டுப் பரீட்சையில் சமன்பாட்டுக் கணக்கை விட்டுவைத்தவர் ஒருவரும் இல்லை.

நடவு சமயத்தில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். வருகிறவர்களும் முட்டிவரை சேற்றோடு வருவார்கள். விட்டுப்போன பாடத்தை வந்தவர்களே வராதவர்களுக்கு வரப்பில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விழுக்காடு என்ற பாடத்தை நான் ஒரு முறைதான் நடத்தினேன். மழை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. சில பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

தை மாதம் அறுப்பு முடிந்து கழனிகள் காய்ந்தன. நாங்கள் பரப்பளவுக்கு வந்தோம். புத்தகத்தில் ஹெக்டேர் என்று இருக்கும். பிள்ளைகள் அதை ஏதோ வெளியூர்ச் சரக்கைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அவர்களுக்குக் குழிதான். ஒரு கோல் என்றால் இருபத்துநாலு அடி; ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள இடம் ஒரு குழி. நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன் என்று கோல் கணக்கிலேயே ஒரு நாற்கரத்தை வரைந்தேன். வேண்டுமென்றே நன்றாகச் சாய்த்து, கோணலாக வரைந்தேன். நான்கு பக்கத்தின் அளவையும் எழுதிவிட்டு, "இது எத்தனை குழி?" என்று கேட்டேன்.

கேட்டு முடிப்பதற்குள் வகுப்பு முழுக்க ஒரே குரலில் விடை சொன்னது. எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் கூட்டிப் பாதி. மற்ற இரண்டையும் கூட்டிப் பாதி. அந்த இரண்டையும் பெருக்கு. அவ்வளவுதான்.

"தப்பு," என்றேன்.

யாரும் நம்பவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நான் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறவள் அவள். அவளாலேயே நான் பலமுறை கண்ணாடியைக் கழற்றியிருக்கிறேன். "எங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் டீச்சர் அளக்குறாங்க. எங்க நைனாவும் சித்தப்பாவும் இப்பத்தான் பாகம் பிரிச்சாங்க. பெரியவங்க நாலு பேரு வந்து, கயிறு புடிச்சி, இந்தக் கணக்குதான் போட்டாங்க. ரெண்டு துண்டும் சரிசமம்னு சொல்லிட்டாங்க. உத்திரமேரூர் போயி பத்திரம் எய்துறதுக்கு நாளும் பாத்துக்கினாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஊரார் அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாக ஒரு தப்பைச் சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் அது சரியாகிவிடுமா? கரும்பலகையில் மூலைவிட்டம் போட்டு, நாற்கரத்தை இரண்டு முக்கோணமாக வெட்டி, செங்குத்து வரைந்து, சூத்திரத்தை எழுதிக் காட்டினேன். மரியாதைக்கு எழுதிக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்தால் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. டீச்சர் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார், நிலத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்கிற முகம்.

மறுநாள் காலை அந்தப் பெண் நான்கு மூங்கில் குச்சிகளோடு வந்தாள். நான்கும் ஒரே அளவு. நான்கு மூலையிலும் வாழை நாரால் கட்டிச் சதுரமாக்கியிருந்தாள். என் மேஜைமேல் வைத்து, ஒரு மூலையில் விரலை வைத்துத் தள்ளினாள். சதுரம் சாய்ந்தது. இன்னும் தள்ளினாள். இன்னும் சாய்ந்தது. கடைசியில் நான்கு குச்சியும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன.

"பக்கம் நாலும் அப்பிடியேதான் கீது டீச்சர். நெலம் மட்டும் எங்க பூட்ச்சி?"

எல்லோரும் மேஜையைச் சுற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு தரம் தள்ளிப் பார்த்தார்கள். பக்கங்களை மட்டும் அளந்தால் போதாது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லவே தேவைப்படவில்லை. என் சூத்திரத்தை அவளும் முந்தின நாள் நம்பவில்லைதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் அவளால் முடியவில்லை. அப்படி ஒரு மண்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வாரம் பள்ளிக்குப் பின்னால் இருந்த தரிசில் கயிறு பிடித்துப் பழகினோம். மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுப் போட்ட கயிற்றை முக்கோணமாக இழுத்தால் செங்கோணம் கிடைக்கும் என்று காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரிக்கரைப் பக்கம் எங்கே பார்த்தாலும் என் பிள்ளைகள் கயிறும் கையுமாகத் திரிந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தோழியைக் கூட்டிக்கொண்டு போய், பாகம் பிரித்த இரண்டு துண்டையும் அளந்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் எட்டுக் கோல் நீளத்தில் ஒரே பொது வரப்பு. ஒரு துண்டு நல்ல செவ்வகம், நான்கு மூலையும் நேர். அது எண்பது குழி. இன்னொன்று வாய்க்காலை ஒட்டிச் சாய்ந்து போகிறது. ஊர்க் கணக்கில் அதுவும் எண்பது. முக்கோணமாக வெட்டிப் பார்த்தால் எழுபத்திரண்டுதான் வருகிறது.

"எட்டுக் குயி கொறையுது டீச்சர்."

செங்குத்தையெல்லாம் சரிபார்த்தேன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினேன். "உங்க நைனாவ நல்லா ஏமாத்தியிருக்காங்கடி! பத்திரம் எழுதுறதுக்குள்ள போய்ச் சொல்லு. எட்டுக் குழின்னா சும்மாவா? நான் வேணும்னாலும் வந்து பேசறேன்."

அவள் தாளில் சாய்ந்த துண்டைத் தொட்டுக் காட்டினாள். "கோணல் எங்களுது இல்ல டீச்சர். சீட்டுப் போட்டதுல எங்களுக்கு நேர்த் துண்டு வந்துட்ச்சி. கோணல் சித்தப்பாவுது."

நான் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"கணக்கு தப்புன்னு தெரிஞ்சா சொல்லித்தான் ஆவணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் வீட்டுச் சோறு அந்த நிலத்திலிருந்து வருகிறது. அதை விட்டுக்கொடு என்று சொல்ல நான் யார்? சொல்லாதே என்றும் எப்படிச் சொல்வது? "உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டேன்.

"நைனா ஏமாத்தல. சீட்டுல வந்ததுதான். ஆனா இப்ப நான் தெரிஞ்சிக்கினும் சொல்லாம இருந்தா அது ஏமாத்துறதுதான?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். தனியாக நைனாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரும் சித்தப்பாவும் சேர்ந்து களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருக்கும்போது, இருவர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். கையோடு தீர்வையும் சொன்னாளாம்: எட்டுக் குழி குறைகிறது, நைனா நாலு குழி கொடுத்தால் இரண்டு பேருக்கும் எழுபத்தாறு வந்துவிடும், பொது வரப்பை நைனா பக்கம் அரைக் கோல் தள்ளிப் போட்டால் போதும். பதின்மூன்று வயசுப் பெண் சொல்கிற பேச்சா இது!

வீட்டில் ரகளை. படிக்கப் போன பெண் வீட்டு நிலத்தை வாரிக் கொடுக்கிறது என்று அவளுடைய அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாராம். நைனா திட்டவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். அதுதான் அவளைப் பாதித்தது. அந்த வாரம் முழுக்க அவள் ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் பாடம் நடத்தினேன். யாரும் குறுக்கிடாமல் பாடம் நடத்துவது அவ்வளவு கொடுமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செய்தி தலைமை ஆசிரியர் காதுக்கும் போயிற்று. "ஊர்க்காரங்க நெலத்துல நாம கை வெக்கக் கூடாதும்மா. பாடத்த நடத்தினமா, பஸ் ஏறினமான்னு இருக்கணும்," என்றார். நடத்தியது பாடம்தானே சார் என்றேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவளுடைய நைனா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். நெடுநெடுவென்று உயரமான மனிதர். தோளில் துண்டு. நான் எழுந்து நின்றேன். சண்டை என்றால் சண்டை, இந்தப் பெண்ணை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மனசுக்குள் வரிந்து கட்டிக்கொண்டேன். அவர் துண்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். வாழை நாரால் கட்டிய நான்கு மூங்கில் குச்சிகள்.

"இது வூட்ல கெடந்துச்சி டீச்சரம்மா. நானும் நாலு நாளா தள்ளித் தள்ளிப் பாத்துக்கினு கீறேன். பக்கம் மாறல. நடுவால கீற எடந்தான் சுருங்கினே போவுது." ஒரு மூலையை விரலால் தள்ளிக் காட்டினார். "எம் பொண்ணு சொல்றது நெசந்தானா?"

"நெசந்தாங்க," என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெயம நீங்க வந்து நிக்கணும். நாலு பேரு கேட்டா சொல்றதுக்கு ஆளு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கழனியில் அறுத்த நெல்லின் தாள் காய்ந்து கிடந்தது. முன்பு அளந்த பெரியவர்களும் வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். அவளுடைய அம்மா தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கோணல் துண்டை எல்லோர் முன்னாலும் திரும்ப அளந்தாள். எழுபத்திரண்டுதான் வந்தது. பெரியவர்களில் ஒருவர் நம்பாமல் தானே ஒரு தரம் கயிறு பிடித்துப் பார்த்தார். பிறகு கயிற்றை அவளிடமே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சித்தப்பாவுக்குத்தான் என்ன செய்வது என்றே தெரியவில்லை. "வுடுண்ணா. நாலு குயிதான. சீட்டுல வந்தது வந்ததாவே இருக்கட்டும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் காதில் வாங்கவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்து பழைய வரப்பின் ஓரத்தில் நட்டார்.

அரைக் கோல் கயிற்றின் ஒரு முனையை மகளிடம் கொடுத்துத் தன்னுடைய நிலத்துக்குள் போகச் சொன்னார். மறு முனையைப் பழைய வரப்பில் தான் பிடித்துக்கொண்டார். அவள் போய் நின்ற இடத்தில் முளை அடிக்க வேண்டும். முளை எங்கே விழுகிறதோ அதுவரை அவர்களுடைய நிலம் போய்விடும். அவள் அம்மா நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். குனிந்தாள். கயிறு நடுவில் லேசாகத் தொய்ந்தது. தெரிந்து தொய்ய விட்டாளா, கை சோர்ந்துபோனதா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. தொய்ந்த கயிறு முழு அரைக் கோலைக் காட்டாது. அப்படியே முளை அடித்தால் ஒரு சாண் அவர்கள் பக்கம் மிஞ்சும். அந்தச் சாணை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். கணக்கு டீச்சராக அங்கே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சாண் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அவள் நைனா பார்த்துவிட்டார். ஒரு வாரமாக மகளிடம் பேசாதவர் அப்போதுதான் பேசினார்.

"கயிறு தொய்யுது பாரு கண்ணு. இய்த்துப் புடி. அவனுக்குக் கொறையக் கூடாது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. குதிகாலை மண்ணில் ஊன்றி, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் பின்னால் போனாள்.