பாஞ்சாலியைக் கூப்பிடாதே

இங்கிலாந்தில் ஆறு வருடம் நர்சாக இருந்துவிட்டு, 1968இல் பொம்மிடிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள் இசபெல்லா. இங்கிலாந்து போகத் துடித்த நர்சிங் மாணவிகளுக்கு அவள் முதலில் கற்றுத் தந்தது ஆங்கிலம் அல்ல, பெட்பேன் எடுப்பது.

"நோயாளியோட மலமூத்திரம் எடுக்கறதும் அங்க நர்ஸ் வேலைதான்."

முகங்கள் சுளித்தன. நோயாளி முனகினாலே "பாஞ்சாலீ!" என்று கத்திப் பழகிய வாய்கள் அவை. பாஞ்சாலி துப்புரவு வேலை செய்பவள். அந்த வேலையை அவள் சாதியின் தலையில் கட்டிய அநியாயத்தை எந்த மருத்துவப் புத்தகமும் எழுதவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது.

இசபெல்லா பாஞ்சாலியையே கட்டிலில் படுக்க வைத்தாள். "இன்னிக்கு இவங்கதான் நோயாளி."

"ஐயோ, கூச்சமா இருக்குதுங்க சிஸ்டர்!" என்று நெளிந்தவள், இரண்டே நாளில் மாணவிகளை அதிகாரம் செய்தாள். "கோவிந்தம்மா, இடுப்பைத் தூக்காம சொருகினா வலிக்காதுங்களா?"

விஷயம் கம்பைநல்லூருக்கு எட்டியது. கோவிந்தம்மாளின் அப்பா மாது ஓடி வந்தார்.

"நர்சுக்குப் படிக்க அனுப்பினா பீ அள்ளச் சொல்றீங்களாமே! அதுக்குன்னு ஒருத்தி இருக்காளே?"

"அப்ப உங்க பொண்ணு பாஞ்சாலியையும் லண்டனுக்குக் கூட்டிட்டுப் போவாளாங்க?" என்றாள் இசபெல்லா.

வார்டே சிரித்தது. மாது முறைத்தார். "நாளைக்கு லண்டனுக்கு ஆள் எடுக்க வர்றாங்கல்ல, அது முடியட்டும். இவளை எடுக்கலன்னா வூட்டுக்குக் கூட்டிப் போய்க் கல்யாணம்தான்."



மறுநாள் இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்க வந்த வெள்ளைக்கார மேட்ரன் வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "தாயீ, அவசரம்!"

"பாஞ்..." என்று கோவிந்தம்மாளின் வாய் திறந்தது. இசபெல்லா மேட்ரனைப் பார்த்தாள்.

வாய் மூடிக்கொண்டது. திரையை இழுத்தாள், கிழவியின் இடுப்பைத் தூக்கினாள், பெட்பேனை வைத்தாள். முடிந்ததும் துடைத்துவிட்டு, மூடி போட்டு எடுத்துக்கொண்டு, வார்டு வாசலில் காத்திருந்த அப்பா எதிரிலேயே நிமிர்ந்து நடந்தாள். மாது தானாக வழி விட்டார்.

மேட்ரன் முதலில் சொன்ன பெயரே கோவிந்தம்மாள்! இசபெல்லா தன் வயதை மறந்து கைதட்டினாள். மேட்ரனின் ஜீப் கிளம்பியது. மாதுகூட மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

உடனே உள்ளே இன்னொரு கட்டிலிலிருந்து முனகல்.

இசபெல்லா அசையவில்லை. இப்போது பார்க்க வெள்ளைக்காரி இல்லை. இதுதான் மாணவிகளுக்கு உண்மையான பரீட்சை.

கோவிந்தம்மாள் ஓடினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

படியில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி, பாதி டீயோடு எழப் போனவள், திரும்ப உட்கார்ந்து மீதியையும் சூடாகவே குடித்தாள்.