ஒருநாள் குடியிருப்பு

நான் கணினிக்காக எழுதும் எந்தப் படிவத்திலும் ‘நிரந்தர முகவரி’ என்ற பெட்டியைக் கட்டாயமாக்குவதில்லை. கொழும்பில் நான் மென்பொருள் பொறியியலாளராக இருக்கும் அலுவலகத்தில் இதை என் கிறுக்கு என்கிறார்கள். கணினியில் ஆசை எப்படி வந்தது என்று நேர்முகத் தேர்வில் கேட்டபோது, கண்டக்குழியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் துணி போர்த்தி வைத்திருந்த ஒற்றைக் கணினியைத் தொட என்னை மட்டும்தான் விட்டார்கள் என்று சொல்லி வேலையை வாங்கினேன். மீதிக் கதையை அங்கே சொல்லவில்லை.

வாப்பாவும் உம்மாவும் சண்டைக் காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்கள். நான் பிறந்தது அந்தப் புத்தளத்துக் கண்டக்குழியில். சண்டை முடிந்ததும், ஊர் திரும்புகிறவர்களுக்கு வீடு கட்டித் தருவதாக அறிவித்தார்கள். ஆனால் ஊரிலேயே குடியிருக்க வேண்டும். காடு மண்டிய காணியில், கிணறும் பிழைப்பும் இல்லாமல் எப்படிக் குடியிருப்பது என்று அறிவித்தவர்கள் சொல்லவில்லை. எல்லோரும் செய்ததையே வாப்பாவும் செய்தார். புத்தளத்துக் குடியிருப்புப் பதிவை வெட்டி மன்னாரில் பதிந்தார். காணியில் ஒரு தகரக் கொட்டில் போட்டார். அதிகாரி பார்க்க வருவதற்கு முதல் நாள் எங்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்.

விடிந்ததிலிருந்து உம்மா வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அடுப்புக் கல் கறுக்க வேண்டுமாம். கொண்டுவந்த உடுப்புகளை நனைத்துக் கொடியில் போட்டோம். பத்து வயதுக்காரிக்கு அது நல்ல விளையாட்டு. பொய் ஹராம் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே வாப்பாதான். என்னைப் பொய் சொல்லச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நீங்க ஒண்டும் கதைக்க வேணாம் மகள். வாப்பா கதைக்கிறன்.”

அதிகாரி நல்ல மனிதர். அடுப்பைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், எழுதினார். உம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்.

“கொம்பியூட்டர். எங்கட ஸ்கூல்ல ஒண்டு இருக்கு. முந்தநாளும் நான் அதுல வீடு கீறினன்.”

“எந்த ஸ்கூல்?”

“கண்டக்குழி.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். வாப்பாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

வீடு இல்லையென்றானது. புத்தளத்தில் மறுபடி பதியப் போனபோது, நீங்கள்தான் மன்னாருக்குப் போய்விட்டீர்களே என்றார்கள். மௌத்தாகும்வரை வாப்பா அடுத்தவர் காணியில்தான் இருந்தார். கேட்ட சொந்தக்காரரிடமெல்லாம், என் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது என்றே சொல்லிவந்தார். அன்று நான் அதிகாரியிடம் சொன்னது நேர்மையே இல்லை, வெறும் பெருமையடிப்பு. இன்றும் நான் பொய் சொல்வதில்லை. ஆனால் அன்று சொல்லியிருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அல்லாஹ் அதை மன்னித்திருப்பான், நான்தான் என்னை மன்னிக்கவில்லை.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காலையில் அடித்த அடுப்புப் புகை என்று நினைத்தேன். வாப்பா என்னை யன்னலோரம் இருக்கவைத்து, கொம்பியூட்டரில் நான் கீறிய வீடு எப்படி இருக்கும் என்று கேட்டார். கூரைக்குச் சிவப்பு, கதவுக்கு நீலம், முன்னால் ஒரு கிணறு என்று புத்தளம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். வாப்பா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கணினியில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.