குண்டான் பிடித்தவள்

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நான்கு. அந்த நான்கு பேருக்கும் சோறு வடித்த பாத்திரங்களில் ஒன்று மட்டும் அடுப்படியை விட்டுப் படகுக்குப் போய் வேலை செய்தது. இரண்டு படி அரிசி கொள்ளும் அலுமினியக் குண்டான் அது. அடி நசுங்கியிருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் மோட்டார் சூடு பட்டுக் கருத்த வடு உண்டு. அதே சூட்டின் வடு என் இடது முழங்கைக்குக் கீழேயும் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இது என் வீட்டுக்காரரைப் பற்றியது. குண்டானைப் பற்றியதும்தான்.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து திருவாலங்காடு போகிற பக்கம், ஒரு பெரிய ஏரியின் கரைமேல் இருக்கிறது. வீடு இந்தக் கரையில், நிலம் அந்தக் கரையில். கோடையில் ஏரி வற்றினால் குறுக்கே நடந்து போய்விடலாம். ஐப்பசியில் நிரம்பிவிட்டால் சுற்றிக்கொண்டு ஏழு மைல் நடக்க வேண்டும், நடுவில் ஓடை வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் பழவேற்காட்டுக்குப் போய், ஒரு பழைய மரப் படகையும் அதைவிடப் பழைய மோட்டார் ஒன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஊரே சிரித்தது. "இன்னாபா, கப்பல் எடுத்துகினு வந்துகிறே? ரேணிகுண்டா வரைக்கும் போவுமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டுப் படகைத் தள்ளப் போனார். பேசாத மனிதர். பேசினால் மாட்டோடு பேசுவார், பயிரோடு பேசுவார். என்னைக் கூப்பிடுவதும் "இந்தா" என்றுதான்.

அந்த மோட்டாரைப் பெட்ரோல் விட்டு, கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். காற்றை இழுக்கிற குழாய் மடக்கிய முழங்கை போல வளைந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் தலையில் இருக்க வேண்டிய வடிகட்டி டப்பா வாங்கும்போதே இல்லை. மோட்டாரும் நம்மைப் போலத்தான், மூச்சு இழுத்தால்தான் உயிர். அந்த மூச்சில் ஒரு கை தண்ணீர் போய்விட்டால் இருமும், திணறும், நின்றுவிடும். பிறகு பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து இழுத்து உள்ளே போன தண்ணீரைத் துப்ப வைத்து, பிளக்கைத் துடைத்து மாட்டுவதற்குள் காற்று படகைக் கொண்டுபோய்ச் சம்புக் கோரைப் புதருக்குள் செருகிவிடும். முதல் மழையிலேயே இரண்டு முறை அப்படி ஆனது. மூன்றாம் நாள் அவர் அடுப்படிக்கு வந்து அந்தக் குண்டானை எடுத்துக்கொண்டு, "இந்தா, நீயும் வா" என்றார்.

என் வேலை அதுதான். அவர் மோட்டாரின் நீளக் கைப்பிடியைப் பிடித்துப் படகைத் திருப்புவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குண்டானைக் கவிழ்த்துக் காற்றுக் குழாயின் தலைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் பிடித்துக்கொள்வேன். இறக்கினால் மூச்சு முட்டும், ஏற்றினால் சாரல் புகும். எவ்வளவு உயரம் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை, சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொண்டேன். சத்தம் கனத்தால் கொஞ்சம் தூக்குவேன், கரகரத்தால் இறக்குவேன். போக அரை மணி, வர அரை மணி. அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனாலும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் இடிக்க அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தது அங்கேதான். எனக்கு அது பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு நாள் என் கை சறுக்கிவிட்டது. நடு ஏரியில் அலை ஒன்று பக்கவாட்டில் அடித்தது. குண்டான் சாய்ந்து, அதன் மேலிருந்த தண்ணீரெல்லாம் நேரே குழாய்க்குள் இறங்கியது. மோட்டார் நின்றது. சம்புக்குள் சிக்கி வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அவர் கரையில் இறங்கும்போது, "ஒரு குண்டான் புடிக்கத் துப்பில்ல" என்றார். நான் சும்மா இருக்கிறவள் இல்லை. "அப்ப நாளைக்கு ஒங்க மாட்டக் கூட்டிகினு போய்ப் புடிக்கச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் விடிந்ததும் அவர் மோட்டாரைத் துடைத்து, பிளக்கை மாட்டி, கிளப்பிப் பார்த்து நிறுத்தினார். பிறகு படகை அங்கேயே கட்டிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரைவழியாக நடந்தே போனார். என்னைக் கூட்டிக்கொண்டு போவதைவிட ஏழு மைல் நடப்பது மேல் என்று நினைத்தார் போல.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் பிடித்தது மழை. ஆடு மேய்க்கிற ஒருவர் தலைமேல் கோணியோடு ஓடி வந்தார். "அக்கா, மாமா கெணத்து மேட்டுல வழுக்கி வுழுந்துட்டாரு. கால ஊன முடியல. ஒங்க கொட்டாயில படுக்க வச்சிட்டு வந்தேன். நான் தாண்டி வரும்போதே ஓடையில தண்ணி மாருக்கு மேல போவுது. இனிமே யாரும் சுத்திகினு போவ முடியாது" என்றார். கரையில் நாலைந்து பேர் கூடினார்கள். மழை விடட்டும், காலையில் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர், ஏரி ஏறினால் தரைக்குத் தண்ணீர் வந்துவிடும். காலூன்ற முடியாத மனிதர் அங்கே கிடந்தால் காலையில் பார்க்க என்ன இருக்கும்? நான் குண்டானை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டுப் பெரியவர், "யம்மா, கப்பல் ஓட்டவா போறே? ஒனக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினார். "மூணு வருசமா பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தேன்" என்றேன்.

நான்காவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. ஆனால் கைப்பிடியைத் திருப்ப எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குண்டானை யார் பிடிப்பது? முந்தின நாள் பட்ட சொல் நெஞ்சில் இருந்ததல்லவா, ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது என்று குண்டானைக் குழாய்மேல் கவிழ்த்து அழுத்தி, இறுக்கக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். கரையை விட்டு ஒரு கூப்பிடு தூரம் போயிருப்பேன். சத்தம் கனத்தது, கறுப்புப் புகை கக்கியது, நின்றுவிட்டது. அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இல்லை. காய்ந்துதான் இருந்தது. தண்ணீரைத் தடுக்கப் போய் மூச்சையும் தடுத்துவிட்டிருந்தேன்.

மழையில் திருத்தணி மலை மறைந்துவிட்டது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். மழைதானே, யார் பார்க்கப் போகிறார்கள். அப்போதுதான் காலடியில் மிதந்துகொண்டிருந்த விதைக்கரும்புத் துண்டுகள் கண்ணில் பட்டன. நடவு செய்து மிஞ்சியவை. அடுப்புக்கு மூன்று குமிழ் எதற்கு வைக்கிறோம்? பானை அடுப்பின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நெருப்பு மூச்சு முட்டிச் செத்துவிடும். குமிழ்மேல் உட்கார்ந்தால் பானையும் நிற்கும், நெருப்பும் எரியும். மூன்று துண்டுகளைக் குழாயைச் சுற்றி நிறுத்தி, அவற்றின் தலை குழாய்க்கு மேல் நான்கு விரல் நிற்கும்படி வைத்து, முந்தானையைக் கிழித்து இறுக்கினேன். அதன்மேல் குண்டானைக் கவிழ்த்து, அடிக்கு மேலாகக் கயிறு போட்டுக் கட்டினேன். மோட்டார் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மோட்டார் ஒருமுறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அலை குண்டான்மேல் அடித்து வழிந்தது. சத்தம் மாறவே இல்லை. மழை கொஞ்சம் வெளுத்தபோது எங்கள் பனைமரங்கள் தெரிந்தன.

கொட்டகைக்குள் தண்ணீர் வந்திருந்தது. அவர் சுவரோரம் உயரத்தில் போட்டிருந்த பலகைமேல் ஏறிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "யாரு ஓட்டிகினு வந்தது?" என்றார். "நான்தான்." "கூட?" "யாரும் இல்ல." அவரை என் தோளில் சாய்த்து, நொண்ட வைத்துக் கூட்டிவந்து படகில் கிடத்தினேன். திரும்பி வரும் வழியெல்லாம் என்னைப் பார்க்கவில்லை, குண்டானையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் தலையைத் தூக்கி, இரைச்சலுக்கு மேலே கத்தினார்: "மூணு எதுக்கு?" நானும் கத்தினேன்: "அடுப்புக்கு எதுக்கு மூணு?" தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் குண்டானைப் பார்த்தார்.

காலுக்குப் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் வாசற்படி தாண்டும்போது அவர் குரல் கேட்டது. "இவ தத்தளிச்சிகினு வந்து சேந்தா. நான்தான் கரும்ப குமிழாட்டம் வச்சிக் கட்டி ஓட்டிகினு வந்தேன். அடுப்பு மாதிரி யோசிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் ஆயுசில் ஓர் அடுப்பை ஊதாத மனிதர். எதிர்வீட்டுப் பெரியவர், "ஆங், ஒனக்குத் தலையில மூள கீதுபா" என்றார். நான் டம்ளர்களை வைத்துவிட்டு நின்றேன். அவர் ஒரு முறை நிமிர்ந்திருந்தால் போதும், என் முகத்தைப் பார்த்திருப்பார். நிமிரவில்லை. பேத்தி இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கால் கூடியதும் அவர் திருத்தணிக்குப் போய், வெல்டிங் கடையில் மூன்று இரும்புக் கம்பிக் காலும் மேலே தகர மூடியும் வைத்துப் பற்ற வைத்துக்கொண்டு வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்தார். மோட்டாரின் காற்றுக் குழாய்மேல் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் எந்த மழையிலும் குண்டான் பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. அவர் தனியாகவே போய்த் தனியாகவே வந்தார். நான் கண்டுபிடித்தது என்னையே படகிலிருந்து இறக்கிவிட்டது. என் யோசனையைத் தன் யோசனையாகச் சொல்லிக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு மழைக்காலம் கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். போகப் போகச் சின்னதாகும், அப்புறம் ஏரி மட்டும் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகியும் வேலை கிடைத்தும் போனார்கள். பகலெல்லாம் வீட்டில் பேச்சுக்குரலே இருக்காது.

பதின்மூன்றாவது மழையின்போது ஒரு நாள் காலை அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மூப்பு வந்திருந்தது. "அந்த மூடி துருப்புடிச்சிப் போச்சி. குண்டான எடுத்துகினு வா" என்றார். நான் மாட்டுக்கொட்டகைப் பக்கமாகப் போனேன். அங்கே வைக்கோலுக்குப் பக்கத்தில் மூடி கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி துரு இல்லை, பச்சைப் பெயின்ட்கூட உரியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குண்டானை எடுத்துக்கொண்டு போய்ப் படகில் ஏறினேன்.

அந்த ஐப்பசி முழுக்கப் பிடித்தேன். முழங்கால் இடித்தது. அடுத்த கோடையில், ஏரி வற்றிக் கிடந்தபோது போய்விட்டார். இப்போது ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. பெரியவன் பைக்கில் நிலத்துக்குப் போய் வருகிறான். கரும்பை நிறுத்தியது யார் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவர் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதி ஆளாக இருப்பது லேசான காரியமில்லை. ஊரில் இன்றைக்கும் அவருடைய மூளையைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

போதும்மா, பேனாவை வை. நான் சொன்னபடியேதான் எழுதினாயா? தாத்தாவுக்காக எதையும் மாற்றவில்லையே? சரி, நான் தனியாகப் போய் மோட்டார் நின்றுபோன இடத்திலிருந்து படி. கொஞ்சம் சத்தமாகப் படி, எதிர்வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.