காட்டினவர்

எழுவைதீவுக்கு மோட்டார் வள்ளம் ஓட்டியவர் அவர். பேசும்போதெல்லாம் சால்வையால் வாயை மூடிக்கொள்வார்.

களவாகத் துணி இறங்கியபோது பேசாதிருந்தவர், அபின் இறங்கியதும் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். பட்டப்பகலில், இறங்குதுறையில், அந்தக் கடத்தலில் பிழைத்த ஊர்க்காரரே துடுப்பால் அவர் வாயில் அடித்தார்கள். இரத்தத்தோடு முன்பற்கள் பலகையில் விழுந்தன. “காட்டிக்குடுத்தவன்!” என்று கத்திக் கத்தி அடித்தார்கள்.

பிறகொருநாள் அவருடைய வள்ளத்தில் ஒரு பொடியன் அபின் மயக்கத்தில், வாயில் நுரையோடு கிடந்தான். முதல் அடி அடித்தவனின் மகன். அவனை ஏற்றிக்கொண்டு அவரும் நானும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு விரைந்துகொண்டிருந்தோம்.

“ஏன் அண்ணை அண்டைக்குக் காட்டிக்குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“காட்டினது மட்டுந்தான் நான், தம்பி. குடுத்தது அவங்கள்.”

அவர் வாயை மூடவில்லை. சால்வை அந்தப் பொடியனின் தலைக்கடியில் இருந்தது.