பதினேழாம் எண்

பக்கத்து வீட்டில் பகலில் கேட்ட குரல்கள் உயிரோடிருக்கும் பிள்ளைகளுடையவை அல்ல என்றே எங்கள் வீட்டில் அப்போது நம்பினோம். மண்டபம் அகதி முகாமில் வீடுகள் ஒட்டியிருக்கும். இடைச்சுவர் கூரையைத் தொடாது. முன்பு அங்கிருந்த குடும்பம் பிள்ளைகளோடு இலங்கைக்குத் திரும்பப் படகேறியது. கரை சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. நெடுநாள் பூட்டிக்கிடந்த அவ்வீட்டில், விலைவாசி தாங்காமல் தலைமன்னாரிலிருந்து வந்த தம்பதியும் மகளும் குடியேறினார்கள். பெற்றோர் விடியுமுன் மீன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று நினைத்திருந்தோம். ஆயினும், வெளியே பூட்டுத் தொங்கும் வீட்டுக்குள், பள்ளி மணி அடித்ததும் குரல்கள் எழும்.

"ஒண்டு."

"வந்திட்டன் டீச்சர்."

"ரெண்டு."

"வந்திட்டன் டீச்சர்."

ஒரு பதில் கீச்சுக்குரலில், அடுத்தது மூக்கடைத்த குரலில்.

"கடலிலை போன பிள்ளையள். நீ காது குடுக்காதை," என்பாள் அம்மா.

ஒருநாள் கொடுத்தேன். பதினாறு வரை பதில் வந்தது. "பதினேழு" என்றதும் ஒன்றுமில்லை. மறுபடியும் "பதினேழு?" கூரைத் தகடு மட்டும் காற்றில் முனகியது. பிறகு, யாரும் குறையாதது போலப் பதினெட்டு.

ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தேன். அந்த மகள், தலைமன்னார்ப் பள்ளியின் வெள்ளைச் சீருடையில், வெறுஞ்சுவரைப் பார்த்துத் தனியே நின்றிருந்தாள்.

"பதினேழு ஆர், பிள்ளை?"

அவள் திடுக்கிடவில்லை. "நான்தான் அன்ரி. நான் இப்ப ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போறேல்லையெல்லோ."

மாலையில் அவள் தாய் சொன்னாள்: "பள்ளிக்கூடத்திலை முகாம் பதிவு கேக்கினம். முகாமிலை, மேலிடத்து முடிவு வரட்டும் எண்டினம். தனிய வெளியிலை விடப் பயம் அக்கா. அதுதான் பூட்டுறன்."

இதை நான் விளக்கியும் அம்மா நம்பவில்லை. "ஒரு பிள்ளைக்கு இத்தனை தொண்டையோ?" என்றாள்.

நான் படித்த பள்ளிக்கே சிறுமியை அழைத்துப் போனேன். தலைமையாசிரியை யோசித்தார். "உக்காரட்டும். பேரு மட்டும் ஏத்த முடியாதும்மா."

சில நாள் உட்கார்ந்தாள். பிறகு மறுத்துவிட்டாள். "என்னைக் கூப்பிடுகினமில்லை, அன்ரி. அங்கையும் நான் இல்லை, இங்கையும் இல்லை."

மறுநாளே பக்கத்து வீட்டில் குரல்கள் திரும்பின. பதினேழின் மௌனம் முன்னிலும் நீண்டிருந்தது.

வகுப்பாசிரியையிடம் போய், நான் கேட்டதை அப்படியே சொன்னேன். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"ஏட்டுலதான எழுதக் கூடாது? வாயால கூப்பிடலாம்ல?"

அடுத்த நாள் சிறுமியை வகுப்பில் விட்டுவிட்டுச் சன்னலோரம் நின்றேன். வருகைப் பதிவு முடிந்தது. ஆசிரியை ஏட்டை மூடிவிட்டு, அதில் இல்லாத அடுத்த எண்ணை அழைத்தார். அமைதி.

"வந்திட்டன் டீச்சர்."

"ஏ, வந்திட்டனாம்ல!" வகுப்பு சிரித்தது. "உள்ளேன் மிஸ்னு சொல்லணும்ப்பா."

அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை மணி அடித்தது. அம்மா அரிசி களைவதை நிறுத்தி, சுவரை வெகுநேரம் பார்த்தாள்.

"சத்தத்தைக் காணேல்லை. பிள்ளையள் எல்லாம் போயிட்டுதுகளோ?"

"போயிட்டுதுகள், அம்மா," என்றேன். "ஒருத்தி பள்ளிக்கூடத்திலை இருக்கிறாள்."